சேகருக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

அன்புள்ள சேகர்,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். மூர்த்தி சில்வர் பீச் கடையை விடவில்லை. போட் பணத்தைப் பற்றியும் வாயே திறக்கவில்லை.

அம்மாவுக்குத்தான் ஞாபகம் குறைந்துகொண்டே போகிறது. என்னை மாமா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

போன ஞாயிறு உன் மகள் பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். சொன்னாளா? மல்லிகை மொட்டும் நாரும் அம்மா மடியில் வைத்தாள். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாரைச் சுற்றி ஒரு இழுப்பு. அம்மாவின் விரல் தடுமாறவே இல்லை. ஒன்றரை முழம் கட்டி வைத்துவிட்டு, டீ குடித்த பிறகு அதையே பார்த்து, “நெருக்கமா இருக்கே, யாரு கட்டினது?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து பிரெண்டா மில்னர் என்ற மூளை ஆராய்ச்சியாளரைப் பற்றி உன் மகள் சொன்னாள். ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பை நிறுத்த 1953-ல் மூளையின் இரு பக்கமும் உள்பகுதியை வெட்டி எடுத்தார்கள். புது ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பகுதி போனது. அதன்பின் புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. மில்னர் மான்ட்ரியலிலிருந்து ரயிலில் போய்ப் போய் அவரைச் சோதித்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. அவருக்கோ ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவை! கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடம் என்று அப்படித்தான் தெரிந்ததாம். “பாட்டியோடது பழைய பழக்கம் மாமா, அவர் புதுசா கத்துக்கிட்டார், இரண்டும் ஒண்ணில்லை” என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

நான்கு டாக்டரிடம் அலைந்தேன் சேகர். மாத்திரை எழுதினார்கள், இதை ஒருவரும் சொல்லவில்லை.

உன் மகளைப் பெங்களூருக்கு ஆராய்ச்சிக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாயாமே. படித்து முடித்து எப்போது நிலைக்கப்போகிறாள் என்பது உன் கவலை. நியாயம்தான். ஆனால் 26 வயதில் கனடா போன மில்னர், 2014-ல் அறிவியலுக்கான காவ்லி பரிசு வாங்கியபோது 96 வயது. இது அவசரப்படுத்துகிற வேலை இல்லை. அவளைப் போகவிடு.

அம்மா தினமும் பூக் கட்டுகிறாள். வருகிற ஞாயிறு வா, உன் வீட்டுக்கும் இரண்டு முழம் எடுத்துப்போ.

உன்,
ரவி