ஒரு பெயருக்காக பிளேட்டை நிறுத்தி வைத்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

நம் புகைப்படப் புத்தகம் வந்துவிட்டது. அதன் சுவரொட்டிகள் அரங்கில் ஏறிவிட்டன. ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் தெளிவாக இருக்கிறது. அச்சுக்குப் போக வேண்டிய வாரத்தில், படக் கோப்புகளையே மறுபடி திரட்ட வேண்டிவந்த அந்த வாரத்தில், என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. ஆனால் நன்றி சொல்வதை ஆறப்போடவும் மனம் வரவில்லை.

முதலில் பலருக்குச் சேர்த்து. மூலக் கோப்புகளைத் தேடி எடுத்து, எந்தப் படத்தில் யார், எங்கே, எப்போது என்ற குறிப்புகளோடு மறுபடி அனுப்பிவைத்த புகைப்படக்காரர்கள். தன் வேலையை நிறுத்திவிட்டு, நிறம் சரிபார்த்த திரையை எனக்குக் கொடுத்த தோழி. இழை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓடாத தாளில் பக்கங்கள் நெளியும் என்று சொல்லி, கையில் இருந்த சரக்கை ஒதுக்கிவிட்டுச் சரியான தாளைத் தேடித் தந்த தாள் வியாபாரி. பசை போட்டு முடித்துவிடலாம் என்று எல்லோரும் சொன்ன நிலையிலும் 16 பக்க ஃபாரம் (ஒரே தாளை மடித்து வரும் பக்கக் கட்டு) ஒவ்வொன்றையும் நூலால் தைத்தே தந்த பைண்டிங் பிரிவுப் பெண்கள். இரண்டு பக்கத்துக்கு விரியும் படங்களில் நடுவில் நிற்பவர் முகம் மடிப்புக்குள் போய்விடாமல் இருப்பது அவர்கள் கை வேலை. உங்கள் எல்லோருக்கும் என் நன்றி.

புகைப்படக்காரர்களுக்கு இன்னொரு நன்றியும் பாக்கி. படத்தை வெட்டுவதில்லை, படத்தின் மேல் எழுத்து ஏற்றுவதில்லை, சின்னத்தைப் படத்துக்குள் வைப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். இந்தத் திட்டத்தின் காட்சி அடையாளம் என்று நான் நினைப்பது சின்னத்தைவிட இந்த முடிவுகளைத்தான். 1982 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டைக்காக, அகலவாக்கில் எடுத்த படத்தை நெட்டுவாக்கில் அடக்க வேண்டும் என்று கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தார்கள். அட்டையின் வடிவத்துக்குப் படம் வளைந்துகொடுத்தது. நம் சுவரொட்டிகளிலும் பாதிப் படங்கள் அகலவாக்கில்தான் இருக்கின்றன. படத்தை முழுதாக மேலே வைத்துவிட்டு, கீழே மீதித் தாளை வெறுமையாக விட நீங்கள் சம்மதித்தீர்கள். இவ்வளவு வெள்ளையா என்று பலர் கேட்டபோதும் என் பக்கம் நின்றீர்கள்.

இனி, நான் உட்கார்ந்து எழுத வந்த விஷயம்.

அச்சகத்தில் இரவுப் பணியில் பிளேட் எடுக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. வருகிற கோப்பைப் பக்கவரிசைப்படி அடுக்கி, சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற ஊதாச் சிவப்பு, மஞ்சள், கருப்பு என மைக்கு ஒன்றாக நான்கு பிளேட்டாக, அதாவது அச்சுத் தகடாக, எடுத்து மெஷினுக்கு அனுப்புவது அவர் வேலை. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவர் படித்திருக்கிறார்.

நள்ளிரவு தாண்டித் தொலைபேசி வந்தது. அந்த வாரம் தொலைபேசி அடித்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

"ஏம்மா, முழிச்சிருக்கியா? கருப்புப் பக்கத்துல வெள்ளையா இருக்கிற எழுத்தெல்லாம் ஆளுங்க பேருதானே?"

"ஆமாண்ணா."

"அப்ப இதை இப்படியே பிளேட் எடுக்க மாட்டேன்மா."

நடந்தது இதுதான். அவசரத்தில் கோப்புகள் வேறு வேறு கணினிகளில் திறந்து மூடப்பட்டதில், கருப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டிய பின்னணி நான்கு மைகளின் கலவையாக மாறிப்போயிருந்தது. திரையில் பார்த்தால் இரண்டும் கருப்புதான், வித்தியாசம் தெரியாது. மெஷினில் கதை வேறு. நான்கு பிளேட்டும் இம்மி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால்தான் நடுவே விட்ட எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒன்று கொஞ்சம் விலகினாலும் அந்த மை எழுத்துக்குள் ஏறிவிடும். நம்முடையதோ பூச்சில்லாத தாள். மையை உறிஞ்சும், ஒவ்வொரு புள்ளியும் விரியும். 8 பாயின்ட் என்ற சின்ன எழுத்தளவில் முதலில் அடைபடுவது எழுத்துகளின் சுழிகள். அதற்கும் முன்பே, மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் அது வேறு யாரோ ஒருவரின் பெயர்.

இதை அவர் ஒரு பக்கத்தில் தற்செயலாகப் பார்க்கவில்லை. பக்கம் பக்கமாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு மையையும் தனித்தனியாகத் திறந்து பார்த்திருக்கிறார். என்ன செய்யலாம் என்றும் யோசித்து வைத்திருந்தார். எழுத்து இருக்கும் பட்டையில் கருப்பு மை மட்டும் இருக்கட்டும். கருப்பு ஆழமாகத் தெரிய அடியில் கொஞ்சம் சயான் கொடுக்கலாம், ஆனால் எழுத்தின் ஓரத்தைத் தொடாமல் அதை உள்ளே இழுத்துவிடலாம். "நீ சரின்னு சொன்னா நானே பண்ணிடறேன், நீ தூங்கு" என்றார். எனக்கு எங்கே தூக்கம் வரும்?

ஒவ்வொரு பக்கத்தையும் திருத்தி எனக்கு அனுப்பினார். அப்புறம் தொலைபேசியிலேயே பெயர்களைப் படிக்க ஆரம்பித்தோம். அவர் பிளேட்டுக்குப் போகப்போகும் பக்கத்தைப் பார்த்துப் படிப்பார், நான் புகைப்படக்காரர்களின் குறிப்பைப் பார்த்துச் சரி சொல்வேன். பாதி தாண்டியதும் ஒரு பெயரில் நின்றுவிட்டார். அதே பெண் முன்னால் வேறொரு படத்திலும் இருக்கிறார், அங்கே பெயரில் றன்னகரம், இங்கே டண்ணகரம், எது சரி என்று கேட்டார். இரண்டு படமும் எடுத்தவர்கள் வேறு, இரண்டு குறிப்பும் வேறு. அந்த நேரத்தில் யாரை எழுப்பிக் கேட்பது? அந்த இரண்டு ஃபாரத்தையும் கடைசிக்குத் தள்ளி வைத்தார். பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர், விடிந்து நான் அந்தப் பெண்ணிடமே கேட்டு எழுத்தைச் சொல்லும் வரை இருந்தார். சொன்னதும் திருத்தி, பிளேட் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்த, 'மைக்ரண்ட் மதர்' என்று அறியப்படும் அந்தத் தாயின் படம் நினைவுக்கு வருகிறது. உலகம் முழுக்க அச்சான முகம் அது. அவர் பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதியிருக்கிறார். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ஸன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 ஆனது. முகம் தெரிந்து பெயர் தெரியாமல் 42 வருடங்கள். அவ்வளவு காலமும் அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்து வடிவமைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்தப் படம் மனதில் இருந்ததால்தான், நம் புத்தகத்தில் படத்தில் இருப்பவரின் பெயரும் படமெடுத்தவரின் பெயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வடிவமைப்பு விதியில் எழுதினேன். எழுதுவது சுலபம். தாளில் அதை நிற்க வைத்தவர், அந்த விதியைப் படித்தே இராத அந்த அண்ணன்.

அவருடைய அக்கறை எனக்கு வேலையில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. வடிவமைப்பு என் மேசையில் முடிந்து அச்சகத்துக்குப் 'போகிறது' என்று இனி நான் பேசமாட்டேன். பிளேட் எடுப்பவர், மெஷின் ஓட்டுபவர், மடிப்பவர், தைப்பவர் எல்லோரும் அதைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். இனி நான் செய்யும் எந்தப் புத்தகத்திலும், பெயர் போட ஒப்புக்கொள்ளும் ஒவ்வொருவரின் பெயரும் பதிப்பு விவரப் பக்கத்தில் மற்றவர்களுடைய அதே அளவில் இருக்கும். இதை ஒரு நிபந்தனையாகவே கேட்டு வாங்குவேன்.

முதல் பிரதிகள் படங்களில் இருப்பவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தைத்தவர்களுக்கும் தாள் தந்தவருக்கும் தோழிக்கும் அடுத்த கட்டமாக வரும்.

அண்ணா, உங்கள் பிரதியை நானே எடுத்து வருகிறேன். அடுத்த தொகுப்பின் டம்மியும் (மாதிரிப் புத்தகம்) கையில் இருக்கும். பெயர்களை எந்த எழுத்துருவில், எந்த அளவில் வைக்கலாம் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகுதான் பக்கங்களை அமைக்க உட்காருவேன்.

அன்புடன்,
இந்தப் புத்தகத்தையும் சுவரொட்டிகளையும் வடிவமைத்தவள்