எல்லாப் படத்துக்கும் ஒரே மருந்து சொல்வோருக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுத்தோட்டக் குழுக்களை நடத்துவோருக்கும், அங்கே பூச்சிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வோருக்கும் வணக்கம்.

இலையைச் சுருட்டிய அசுவினியோ, தண்டில் அப்பிய மாவுப்பூச்சியோ, காயைத் துளைத்த புழுவோ, எந்தப் படம் வந்தாலும் உங்கள் பதில் மாறுவதில்லை: லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு, வாரம் ஒருமுறை, பூச்சி இல்லாவிட்டாலும் முன்னெச்சரிக்கையாக. கூடவே, தீமை செய்யும் பூச்சிகளை அழிக்கும் நன்மை செய்யும் பூச்சிகளை விலைக்கு வாங்கிச் செடியில் விடவும் சொல்கிறீர்கள். இரண்டையும் ஒரே செடியில் செய்தால் வாங்கிய பூச்சிதான் முதலில் சாகும்.

சோப்புக் கரைசல் நனைத்த எந்த மெல்லுடல் பூச்சியையும் கொல்லும். அசுவினிக்கும் அதைத் தின்னும் பொறிவண்டுப் புழுவுக்கும் அது வித்தியாசம் பார்ப்பதில்லை. காய்ந்தபின் வீரியம் இல்லை என்பதுதான் அதன் ஒரே நல்ல குணம். எண்ணெய் பட்ட சிறு புழுக்களுக்கும் குளவிகளுக்கும் மூச்சுத்துளை அடைபடும். பைரெத்ரம், ஸ்பினோசாட் ஆகிய பூச்சிமருந்துகளும் இயற்கையிலிருந்து வந்தவைதான். மற்றப் பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ தன் முட்டையை இட்டு அவற்றைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு இரண்டுமே நஞ்சு. இமிடாக்ளோபிரிட் என்ற செயற்கைப் பூச்சிமருந்தை மண்ணில் ஊற்றினால் அது செடிக்குள் ஏறிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்து நிற்கும்.

தெளித்தபின் முதலில் மீள்வது யார்? அசுவினி இணை சேராமலேயே குட்டி போடும். வெப்பமான நாட்களில் அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தானும் ஈனத் தொடங்கிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக மூன்று நான்கு வாரம் ஆகும். வாராந்தரத் தெளிப்பு நடக்கும் தோட்டத்தில் அது வளர்ந்து முடிக்கவே வழியில்லை. 1888இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன வெடாலியா பொறிவண்டு, அங்கே ஆரஞ்சுத் தோப்புகளை அழித்துவந்த பஞ்சுச் செதில்பூச்சியை ஓரிரு ஆண்டுகளில் அடக்கியது. 1940களில் அந்தத் தோப்புகளில் டி.டி.டி. அடித்ததும் வண்டு செத்தது, செதில்பூச்சி திரும்பி வந்தது.

ஆகவே மருந்தின் அளவைச் சொல்லும் முன், படத்தில் இருப்பது என்ன என்று பாருங்கள். பொறிவண்டின் புழு குட்டி முதலை போல நீண்டு, கறுத்து, ஆரஞ்சுப் புள்ளிகளோடு இருக்கும். இதைத்தான் அதிகம் பேர் "செடியைத் தின்னும் புழு" என்று நசுக்குகிறார்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் காலே இல்லாமல் ஊரும் பச்சை அல்லது பழுப்புப் புழு, அசுவினியைத் தின்னும் சிர்பிட் ஈயின் குழந்தை. இலையில் மெல்லிய காம்பின் நுனியில் தனியாக நிற்கும் வெள்ளை முட்டை, அசுவினி தின்னும் புழுவைத் தரும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது (கிரைசோபெர்லா). உப்பிப் பழுப்பாகி, அசையாமல் இலையோடு ஒட்டியிருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அதன் முதுகில் வட்டமான ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. அந்த இலையைக் கிள்ளி எறியச் சொல்லாதீர்கள்.

பெரிய குழப்பம் மாவுப்பூச்சியில். அதைத் தின்னும் கிரிப்டோலீமஸ் வண்டின் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு, பார்க்க மாவுப்பூச்சியாகவே இருக்கும். அளவிலும் வேகத்திலும் வேறுபாடு தெரியும்: புழு பெரியது, இழைகள் நீளம், தொட்டால் விறுவிறுவென நகரும். எதிர்ப்புறத் தவறும் நடக்கிறது. புள்ளி இருப்பதெல்லாம் நண்பன் என்று எபிலாக்னா வண்டைப் பாதுகாக்கிறார்கள். அது மங்கலான ஆரஞ்சு நிறம், உடலில் மெல்லிய ரோமம், பளபளப்பு கிடையாது. புழு மஞ்சள், உடலெங்கும் கிளைத்த முள். கத்தரி, பாகல் இலைகளைச் சுரண்டிச் சல்லடையாக்குவது இதுதான். கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம்.

அடுத்து எறும்பு. அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், பொறிவண்டுப் புழுவையும் குளவியையும் விரட்டும். எறும்பைத் தடுக்காமல் விலைக்கு வாங்கிய வண்டை விடுவது வீண்செலவு. தண்டைச் சுற்றிக் காகித நாடா ஒட்டி அதன்மேல் பிசின் தடவுங்கள், பட்டையில் நேராகத் தடவினால் பட்டை கெடும். சுவரையோ பக்கத்துச் செடியையோ தொடும் கிளை எறும்புக்குப் பாலம், அதை வெட்டவேண்டும். புற்று தெரியவில்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை, 5 கிராம் போராக்ஸ் கரைத்து, பஞ்சில் நனைத்து, ஓட்டையிட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். வீரியம் கூடினால் எறும்பு புற்றுக்குப் போய்ச் சேரும் முன்பே வழியில் செத்துவிடும். குழந்தைகளுக்கும் வளர்ப்பு விலங்குகளுக்கும் எட்டாத இடம் முக்கியம்.

இதற்குப் பிறகுதான் வாங்கி விடுவது. ஒவ்வொரு நன்மைப் பூச்சிக்கும் தனித்தனி இரை உண்டு, ஆள் மாறினால் வேலை நடக்காது. டிரைக்கோகிரம்மா என்ற மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டையை அசுவினிக்குப் பரிந்துரைப்பதைப் பார்த்தோம். அந்தக் குளவி அந்துப்பூச்சியின் முட்டைக்கு மட்டுமே. முட்டை பொரிந்து புழு காய்க்குள் போய்விட்டால் அதனாலும் ஒன்றும் ஆகாது, துளை விழுந்த காயைப் பறித்து அழிப்பதுதான் வழி. இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சி விழத் தொடங்கியதும் அட்டையை மாலையில் இலையின் அடிப்புறம் குத்துங்கள், வாரம் ஒன்றாகச் சில வாரம் தொடருங்கள். ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 முட்டைகள் இருக்கும். ஒரு மாடிக்கு அது மிக அதிகம். துண்டுகளாக்கி நாலைந்து வீடுகள் பகிர்வதே சரி, இதை ஒருங்கிணைக்கக் குழுக்களால்தான் முடியும்.

மாவுப்பூச்சி அப்பிய செடிக்குப் பத்து கிரிப்டோலீமஸ் வண்டுகள் போதும். ஆனால் விடுவதற்கு முன் செடியைச் சுத்தமாகக் கழுவச் சொல்லாதீர்கள். மாவுப்பூச்சியின் பஞ்சுப் பொதிகளிடையேதான் அது முட்டையிடும். பஞ்சு போனால் வண்டும் போய்விடும். கிரைசோபெர்லா புழுக்களை ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றையொன்று தின்னும், தூரிகையால் கிளைக்கு ஒன்றாகப் பிரித்துவிடவேண்டும். மஞ்சள் ஒட்டுப்பொறி குளவியையும் சிர்பிட் ஈயையும் சேர்த்தே பிடிப்பதால், பூச்சி விடும் நாட்களில் கழற்றி வையுங்கள்.

வாங்காமலே வரவைக்கவும் முடியும், எங்கள் விருப்பம் அதுதான். குளவிகளின் வாய் குட்டை. கொத்தமல்லி, சோம்பு, சதகுப்பை போன்ற ஆழமில்லாத பூக்களில்தான் தேன் எட்டும். அடுக்கு இதழ்ப் பூக்கள் அழகுக்குச் சரி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கொத்தமல்லி விதைத்து, அறுக்காமல் பூக்க விடச் சொல்லுங்கள்.

பழ ஈ, வேர்முடிச்சு நூற்புழு, நத்தை ஆகியவற்றுக்கு இந்தப் பட்டாளம் உதவாது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

எங்கள் கோரிக்கை சிறியது. அடுத்த படம் வரும்போது, இலையின் அடிப்புறத்தையும் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எறும்பு ஏறுகிறதா, கடைசியாக எதை, என்றைக்குத் தெளித்தீர்கள் என்று கேளுங்கள். பொறிவண்டு, சிர்பிட் போன்ற நன்மைப் பூச்சிகளின் புழுவோ ஓட்டை விழுந்த அசுவினியோ தெரிந்தால் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள். தெளித்தே ஆகவேண்டும் என்றால் பாதிக்கப்பட்ட கிளைக்கு மட்டும், வெயில் தாழ்ந்தபின்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிலர்