டிஸ்க்வேர்ல்டில் இன்னொரு நாவல் வேண்டாம்

மறைந்த ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் எழுத்துரிமையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். 2015-இல் வெளியான 41-ஆவது நாவலோடு அவருடைய டிஸ்க்வேர்ல்டு நாவல் வரிசை முடிந்தது, இனி யாரும் தொடரப்போவதில்லை என்றீர்கள். 2017-இல், அவர் விருப்பப்படியே, முடிக்காத கதைகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை இங்கிலாந்தின் டார்செட்டில் நடந்த கண்காட்சியில் நீராவி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கினீர்கள். யார் கேட்டாலும் அந்த முடிவிலிருந்து இறங்கி வராதீர்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

எங்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அல்சைமர் வந்து தட்டச்சு கைவிட்டுப்போன பிறகும், வாயால் சொல்லிச் சொல்லியே நாவல்களை முடித்தவர் அவர். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கக் கூடாதா என்று கடைசி நூலைப் படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

ஆனால் வேறொருவர் எழுதினால் எது வரும்? ஆமையின் முதுகில் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான உலகம். கூர்மமும் திசை யானைகளும் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமே இல்லை. அதில் சூனியக்காரிகளையும் மந்திரவாதிகளையும் யார் வேண்டுமானாலும் நடமாட விடலாம். 1983-இல் வந்த முதல் நாவல் பெரும்பாலும் அப்படித்தான், மாயாஜாலக் கதைகளைக் கேலி செய்யும் கதை. வாசகர்களை இத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருப்பது அப்புறம் வந்த நூல்கள்.

1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலையே எடுத்துக்கொள்ளுங்கள். காவல்படைத் தலைவர் சாம் வைம்ஸின் மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல பூட்ஸ் 50 டாலர். அதனால் 10 டாலர் பூட்ஸைத்தான் வாங்குகிறார். அடிப்பாகம் தேய்ந்து தேய்ந்து, பனிமூட்ட இரவில் காலுக்கடியில் உறுத்தும் கற்களை வைத்தே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுவார். பணக்காரனின் பூட்ஸ் பத்து வருஷம் உழைக்கும். ஏழை அதே பத்து வருஷத்தில் நூறு டாலர் செலவழித்திருப்பான், கால் மட்டும் நனைந்தபடியே இருக்கும். சிரித்துக்கொண்டே படித்து வந்தவர் இங்கே சட்டென்று நிற்கிறார். 2022-இல் பிரிட்டனில் ஏழைகளின் விலைவாசியை அளக்க வறுமை ஒழிப்புக்காகக் குரல் கொடுக்கும் எழுத்தாளர் ஜாக் மன்றோ தொடங்கிய குறியீட்டுக்கு வைம்ஸின் பூட்ஸ் பெயரை வைக்க அனுமதி தந்தவர்களே நீங்கள்தான். அநியாயத்தைக் கண்டு பிராட்செட்டுக்கு வந்த கோபம்தான் அந்த வேடிக்கையை எழுத வைத்தது. நடையை யாரும் பழகிக்கொள்ளலாம். அந்தக் கோபத்தை எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

இருக்கும் 41-க்கு இன்னும் வாசகர்கள் வர வேண்டும். புதிதாக வருபவர் முதல் நாவலை எடுத்து, இவ்வளவுதானா என்று வைத்துவிடுகிறார். எனவே ஒரு வேண்டுகோள்: காவல்படைக் கதை 1989-இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' நாவலில் தொடங்குகிறது, இங்கிருந்தும் ஆரம்பிக்கலாம் என்று எல்லா மலிவுப் பதிப்புகளின் பின்னட்டையிலும் அச்சிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்