டானிங்டனில் உதவிய அண்ணனுக்கு நன்றி

கோத்தகிரி டானிங்டன் பக்கம், என் பழைய காரின் ஆக்சிஜன் சென்சாரை (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) கழற்ற வராமல் திண்டாடியபோது தானாக வந்து கைகொடுத்த அண்ணனுக்கு நன்றி. பெயர் கேட்பதற்குள் பஸ் ஏறிவிட்டீர்கள். துருவேறி, சைலன்சர் பைப்போடு மரை ஒட்டிப்போயிருந்தது. மலை ஈரம் வேறு. நீங்கள் முரட்டுத்தனமாகத் திருகவில்லை. இஞ்சினைச் சற்று ஓடவிட்டு அணைத்தீர்கள். பைப் சூட்டில் விரிந்தால் பிடி தளரும் என்றீர்கள். 22 எம்எம் ஸ்பேனரைப் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, அப்புறம் கழற்றும் பக்கம். 'டக்'கென்று சத்தம் வந்ததும் மரை போச்சு என்று எனக்குப் பகீரென்றது. நீங்களோ சிரித்தீர்கள்!

புது சென்சாருக்கு நீங்கள் சொன்னபடியே மரையில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் தடவினேன், நுனியில் படவிடவில்லை. டேஷ்போர்டில் எரிந்த இஞ்சின் எச்சரிக்கை விளக்கு அணைந்துவிட்டது. டீ பாக்கி இருக்கிறது அண்ணா, எங்காவது பார்த்தால் கூப்பிடுங்கள்.