டார்ச் பிடித்து வந்த பெரியம்மாவுக்கு

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில், சாங்க்ட் கோவார் ஊருக்கு மேலே இருக்கிற ரைன்ஃபெல்ஸ் கோட்டையில் எனக்கு உதவிய ஒரு பெரியம்மாவுக்கு இந்த நன்றி. பெயர்கூடக் கேட்கவில்லை.

1245இல் கட்டத் தொடங்கிய கோட்டை. 1692இல் பதினான்காம் லூயியின் படையையே தாக்குப்பிடித்தது. அப்புறம் நூறு வருடம் கழித்து வந்த பிரெஞ்சுப் புரட்சிப் படை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது பெரும்பகுதி இடிபாடுதான். அடியில் சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. முற்றுகையிடும் எதிரியின் காலுக்கடியில் வெடி வைக்கத் தோண்டியவை. ஆசையாக நுழைந்தேன். பாதி வழியில் போனில் சார்ஜ் போய்விட்டது. கும்மிருட்டு, நிமிர்ந்தால் தலை இடிக்கும் உயரம். சுவரைத் தடவினால் ஈரம். பயந்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம். எழுபது வயதாவது இருக்கும் அந்த அம்மாவுக்கு. ஜெர்மன் தவிர வேறு பேசவில்லை. என் முழங்கையைப் பிடித்தார், குனிய வேண்டிய இடத்தில் எல்லாம் என் தலையில் கையை வைத்து அழுத்தினார். எங்கள் அத்தை மாதிரியே!

வெளியே வந்ததும் அக்கரையைக் காட்டி ‘மியாவ்’ என்றார். காட்ஸ் கோட்டை, பூனை என்று அர்த்தம். சற்றுத் தள்ளி இருப்பது மௌஸ், எலி. அதற்கு விரல்களால் மீசை வைத்துக் காட்டினார்.

படகுத்துறை வரை கூடவே வந்தார். ‘டாங்கே’ என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. ரொம்ப நன்றி பெரியம்மா.