27 இன்ச், 1440பி போதும் கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று நீ அனுப்பிய 4கே மானிட்டர் படத்தைப் பார்த்தேன். கடையில் ஆள் நின்றதால் போனில் சரியாகப் பேச முடியவில்லை, அதனால்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். அதை வாங்காதே. விலைக்காகச் சொல்லவில்லை, உன் முதல் போனஸ், உன் இஷ்டம்.

உன்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. ஃபுல் எச்டி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள், 1440பியில் 36 லட்சத்துக்கு மேல், 4கே என்றால் 82 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனையையும் அந்தக் கார்டுதான் வரைந்து தள்ள வேண்டும். புது கேம்களில் திணறும். நீ செட்டிங்ஸைக் குறைப்பாய், அப்புறம் ரெசல்யூஷனையே 1440பிக்கு இறக்குவாய், 4கே திரையில் அப்படி ஓட்டினால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக விரிக்க வேண்டியிருப்பதால் எழுத்து ஓரமெல்லாம் மங்கும். அதற்கு நேராக 27 இன்ச்சில் 1440பி, 144 அல்லது 165 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு அத்தனை தடவை படம் மாறுகிற திரையாக எடுத்துவிடு. அந்த அளவில் ஃபுல் எச்டி வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் சொரசொரவென்று தெரியும். அது 24 இன்ச்சோடு சரி.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கிறது, 144இல் 7க்கும் கீழே. வேலரண்ட் கேமில் மூலையிலிருந்து எட்டிப் பார்க்கிறவன் அந்த அளவுக்கு முன்னாடியே கண்ணில் படுவான். 240க்குப் போனால் 4.2, அதாவது மிச்சமாவது 3 மில்லிசெகண்ட்கூட இல்லை, அதற்குக் கூடுதலாகப் பணம் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

போன மாசம் ஒரு பையன், "அங்கிள், 144 வாங்கியும் ஒரு வித்தியாசமும் இல்லை" என்று மானிட்டரையும் சிபியுவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தான். பார்த்தால் எட்டு மாதமாக 60லேயே ஓட்டியிருக்கிறான். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவுக்குள் போய் 144 என்று மாற்றிவிட்டு, மவுஸை வட்டமாகச் சுற்றச் சொன்னேன். அம்பு தாவித் தாவிப் போகாமல் வழுக்கிக்கொண்டு போனது. கேமைத் திறக்கக்கூடத் தோன்றாமல் மவுஸையே சுற்றிக்கொண்டிருந்தான்.

நீயும் மாட்டியதும் முதலில் அதைப் பார். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் போடு, கார்டில் இருக்கிற துளையில் செருகு, மதர்போர்டில் இல்லை. கார்டு படம் தருகிற வேகத்துக்குத் திரையும் ஒத்துப்போகிற ஃப்ரீசிங்க் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கு, உன் என்விடியா கார்டிலும் அது வேலை செய்யும், படம் குறுக்கே கிழிகிற தொல்லை குறையும்.

பார்சல் வந்தால் வீடியோ எடுத்துக்கொண்டே பிரி. வெள்ளைத் திரை போட்டு, செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று மூலை மூலையாகப் பார்ப்போம், கூப்பிடு.

அப்பா