ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவோர் கேட்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை அமைக்க விரும்புவோருக்கான கருவிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அவ்வப்போது குறிப்புகள் வெளிவருகின்றன. அவற்றில், மைக்கின் ஒலியைக் கணினிக்குள்ளும் கணினியின் ஒலியை வெளியேயும் கொண்டுசெல்லும் கருவியான ஆடியோ இன்டர்ஃபேஸைப் பற்றிய பகுதி வரும்போதெல்லாம், எத்தனை மைக் இணைக்கலாம், 192 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது ஒலியை விநாடிக்கு 1,92,000 தடவை அளந்து பதிவு செய்யுமா என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே கருவியிலிருந்துதான் பதிவைக் கேட்டுச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் ஒலி போகிறது என்பதையும், பாடி முடிக்க ஆகும் நேரத்தைவிடப் பாடியதைக் கேட்டுக் கேட்டுச் சரிசெய்ய ஆகும் நேரம் பல மடங்கு அதிகம் என்பதையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சாலிகிராமத்தில் ஒலிப்பதிவாளராக வேலை பார்ப்பவன், கருவி வாங்குமுன் யோசனை கேட்டு வரும் இளைஞர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்பவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்னையில் வீட்டை ஒட்டி ஒலிப்பதிவுக் கூடம் அமைப்பது புதிய வழக்கம் அல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் கூடத்தைத் தொடங்கியது 1989-இல். அன்று அதற்குப் பெரும் முதலீடு வேண்டியிருந்தது. இன்று முகப்பேரிலும் பெரம்பூரிலும் வேளச்சேரியிலும் ஒரு படுக்கையறையில் மடிக்கணினியும் ஓர் இன்டர்ஃபேஸும் வைத்துக்கொண்டு டப்பிங் பேசுகிறார்கள், பக்திப் பாடல் பதிவு செய்கிறார்கள், குறும்படத்துக்குப் பின்னணி இசை அமைக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோருக்குப் பாடகர் நிற்கும் அறையும் ஒலிப்பதிவு செய்பவர் அமரும் அறையும் ஒன்றுதான். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஓர் உண்மையை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

ஏன் என்றால், மைக் திறந்திருக்கும் அறையில் மானிட்டர் ஸ்பீக்கர் ஒலிக்கக் கூடாது. பாடுபவர் பாடத் தொடங்கியதும் ஸ்பீக்கரின் ஒலி நிற்க வேண்டும், ஹெட்போனில் தொடர வேண்டும். பாடி முடித்ததும் இருவரும் சேர்ந்து ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ஒரு மாலை நேரத்தில் இது பல தடவை மாறி மாறி நடக்கும். விலை குறைந்த சில இன்டர்ஃபேஸ்களில் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் சேர்த்து ஒரே ஒலியளவுக் குமிழ்தான் இருக்கிறது. அதைக் குறைத்தால் பாடுபவரின் காதிலும் ஒலி போய்விடும் என்பதால், ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் ஸ்பீக்கரின் பின்பக்க விசையை அணைத்துவிட்டு வர வேண்டியிருக்கிறது. இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி விசை என்பதால் ஒன்றை மறந்துவிடுவதும் உண்டு. மறந்தால் அந்தத் தடவை பாடிய பதிவு (டேக்) வீண். முன்பக்கத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு குமிழும் ஹெட்போனுக்கு வேறொரு குமிழும் இருக்கின்றனவா என்பதைக் கடையில் ஒரு நொடியில் பார்த்துவிடலாம். ஸ்பீக்கரை மட்டும் நிறுத்தும் பொத்தானும் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது ஹெட்போனைத் தூண்டும் திறன். இங்கேதான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ என்ற ஹெட்போன் 32 ஓம், 80 ஓம், 250 ஓம் என மூன்று மின்தடைகளில் கிடைக்கிறது. சென்ஹைசர் ஹெச்டி 600-இன் தடை 300 ஓம். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸின் தடை 38 ஓம். ஒரு வோல்ட் அளவில் வெளியிடும் இன்டர்ஃபேஸில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் அதற்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் கிடைக்கும். அதே வோல்ட்டில் 250 ஓம் ஹெட்போனுக்குக் கிடைப்பது 4 மில்லிவாட் மட்டுமே. யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி தரக்கூடியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். தனி அடாப்டர் இல்லாத கருவி மைக்குக்குக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான பேண்டம் பவர், மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப், ஹெட்போனைத் தூண்டும் ஆம்ப் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே நடத்தியாக வேண்டும். உயர்ந்த தடையுள்ளதே உயர்ந்த ரகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 250 ஓம் ஹெட்போனை வாங்கி, அதை இத்தகைய சிறு கருவியில் செருகி, குமிழை முழுவதும் திருப்பிய பிறகும் தம்புரா கணீரென்று கேட்கவில்லை என்று வருந்தி என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சிறிய இன்டர்ஃபேஸ் என்றால் 32 முதல் 80 ஓம் வரையிலான ஹெட்போனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உயர்தடை ஹெட்போன்தான் வேண்டும் என்றால் அதற்கேற்ற வோல்ட் தரும் கருவியைத் தேடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விவரம் ஹெட்போன் வெளியீட்டின் உள்தடை. அது ஹெட்போனின் தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நல்லது என்பது துறையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம் என்று கணக்கு வரும். இதற்கு மேல் போனால், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தடை மாறுகிற ஹெட்போன்களில் கீழ்ஸ்தாயி தூக்கலாகக் கேட்கக்கூடும். கேட்பவர் அதை நம்பிக் கீழ்ஸ்தாயியைக் குறைப்பார். அப்படிச் செய்த கலவை (மிக்ஸ்) வேறோர் இடத்தில் சப்பென்று ஒலிக்கும். விலைப்பட்டியல்களில் இந்த எண்ணைக் காண்பதே அரிது.

நம் இசைக்கென்றே ஒரு தேவை இருக்கிறது. பாடுபவருக்குக் காதில் சுருதி வேண்டும். பதிவில் அது கலக்கக் கூடாது. மிருதங்கக் கலைஞருக்குப் பாட்டு உரக்க வேண்டும், ஒலிப்பதிவு செய்பவருக்கோ மிருதங்கத்தின் சிறு விரல்வீச்சு தெளிய வேண்டும். இரண்டு வெளியீடுகள் மட்டுமே உள்ள இன்டர்ஃபேஸில் ஹெட்போனுக்குப் போவது பொதுவாக ஸ்பீக்கருக்குப் போவதன் நகல். ஆகவே இருவரும் ஒரே கலவையைத்தான் கேட்டாக வேண்டும். நான்கு வெளியீடுகள் இருந்தால் பாடுபவருக்கென்று தனிக் கலவை அனுப்ப வழி உண்டு. ஆனால் அட்டைப்பெட்டியில் நான்கு என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடக் கூடாது; சில கருவிகளில் நான்கு வெளியீடு இருந்தும் ஹெட்போன் முதல் ஜோடியின் நகலாகவே இருக்கிறது. நிறுவனத்தின் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாங்குமுன் அதில் ஹெட்போன் பகுதியைப் படித்துவிடுவது அவசியம். தனியாகப் பாடிப் பதிவு செய்பவருக்கு இந்தச் செலவு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காதில் தன் குரல் எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்பதும் இன்டர்ஃபேஸையும், கணினியில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் பொறுத்ததே. கணினி ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவான பஃபர், 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் கணக்குப்படி 2.7 மில்லி விநாடி. உள்ளே வருவதும் வெளியே போவதும் கருவியின் சொந்தத் தாமதமும் சேரும்போது அது பல மடங்காகிறது. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லி விநாடி ஆகும் என்பதால் கீபோர்டு வாசிப்பவர் இதைப் பொறுத்துக்கொள்வார். பாடுபவரால் முடியாது. அவருடைய குரல் எலும்பின் வழியாக அவருக்கு உடனே கேட்டுவிடுகிறது; ஹெட்போனில் சற்றுப் பிந்தி வரும் அதே குரல் அதனோடு மோதி, குழாய்க்குள் பாடுவதுபோல் ஒலிக்கிறது. கணினியைத் தொடாமல் மைக்கை நேரே ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டரிங் வசதி இதற்குத் தீர்வு. விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள், ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ (ASIO) முறைக்கான டிரைவரை இன்டர்ஃபேஸ் தயாரித்த நிறுவனமே தருகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய கருவியைக் கைமாற்றி வாங்குவோர் தங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அந்த டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

மானிட்டர் ஸ்பீக்கரை இணைக்கும் விதத்திலும் கவனம் தேவை. ரிச்சி தெருவில் கிடைக்கும் 3.5 மில்லிமீட்டர் பின் வைத்த கேபிளை ஹெட்போன் துளையில் செருகி, மறுமுனையை ஸ்பீக்கரின் ஆர்சிஏ துளையில் மாட்டிவிடுகிறார்கள். ஒலி வரும், கூடவே இரைச்சலும் வரும். மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் கீச்சென்று மெல்லிய சத்தம் கேட்பதைப் பலர் கவனித்திருப்பார்கள். வழியில் புகும் இரைச்சலை நீக்கும் பேலன்ஸ்டு வெளியீடுள்ள இன்டர்ஃபேஸிலிருந்து மூன்று தொடர்புள்ள டிஆர்எஸ் அல்லது எக்ஸ்எல்ஆர் கேபிளைக் கொண்டு இணைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் +4, -10 என்ற தேர்வு இருந்தால் அது இன்டர்ஃபேஸின் வெளியீட்டு மட்டத்தோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னது சுமார் 1.23 வோல்ட், பின்னது சுமார் 0.32 வோல்ட் என்ற மட்டத்தைக் குறிப்பதால், இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 12 டெசிபல் வேறுபாடு இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவில் வேலை செய்பவர்கள் இன்டர்ஃபேஸின் குமிழை அடிமட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். மலிவான குமிழ்களில் அந்தப் பகுதியில் இடது வலது ஒலிகள் சமமாக இருப்பதில்லை, நடுவில் இருக்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாய்ந்து கேட்கும். ஸ்பீக்கரின் பின்பக்கக் குமிழைக் குறைத்துவிட்டு இன்டர்ஃபேஸின் குமிழைப் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டால் செலவில்லாமல் இது சரியாகிவிடும்.

நம் வீடுகளின் அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்துக்குப் பத்து அடி கான்கிரீட் அறையில், டைல்ஸ் தரையின் மீது, எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி தேங்கி நிற்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அது இரட்டிப்பாகும். எவ்வளவு விலை உயர்ந்த இன்டர்ஃபேஸும் இதை மாற்றாது. இத்தகைய அறையில் வேலை தொடங்குபவர் முதலில் நல்ல ஹெட்போனுக்கும், அதைச் செவ்வனே தூண்டும் இன்டர்ஃபேஸுக்கும் செலவழித்துவிட்டு, மானிட்டர் ஸ்பீக்கரைப் பிறகு வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பாடும்போது சுருதி மைக்கில் கசியாதிருக்க, காதை முழுவதும் மூடும் வகை ஹெட்போன்தான் வேண்டும்.

192 கிலோஹெர்ட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குறுந்தகட்டின் அளவு 44.1, திரைப்படப் பணிக்கு 48. 48-இலேயே அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி பதிவாகும் என்றால், 20-க்கு மேல் கேட்காத மனிதக் காதுக்கு அது போதும். வளைந்த சிறிய யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே ஒலி உயர்ந்துவிடாது. இரண்டு தடங்களை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப விநாடிக்கு 2.3 மெகாபிட் போதும், யூஎஸ்பி 2.0-இன் அளவோ 480 மெகாபிட்.

மின்சாரம் பற்றி மட்டும் எச்சரிக்கை. உறுமல் கேட்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் ஆபத்தானது. பேண்டம் பவர் ஓடும் மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவர்கள் அதைச் செய்யவே கூடாது. மடிக்கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்து, சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தால் உறுமல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். மின்வெட்டு ஏற்பட்டால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, மின்சாரம் வந்து இன்டர்ஃபேஸ் இயங்கிய பிறகே மீண்டும் போட வேண்டும்.

தங்கள் வாயிலாக விற்பனையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹெட்போன் வெளியீடு எத்தனை ஓமில் எத்தனை மில்லிவாட், அதன் உள்தடை எவ்வளவு, அது தனிக் கலவையா நகலா என்ற மூன்று விவரங்களையும் விலைச்சீட்டிலும் இணைய விற்பனைப் பக்கத்திலும் தமிழில் எழுதி வையுங்கள். வாடிக்கையாளர் தம் சொந்த ஹெட்போனைக் கொண்டுவந்து, மேசைமேல் இயங்கும் ஓர் இன்டர்ஃபேஸில் செருகிக் கேட்க இடம் கொடுங்கள். காட்சித் தொடர்பியல் துறை நடத்தும் கல்லூரிகளும் ஒலிப்பதிவுப் பாடத்தின் முதல் வாரத்திலேயே இதை மாணவர்களுக்குச் செய்து காட்டலாம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அடுத்து ஓர் இன்டர்ஃபேஸைப் பற்றி எழுதும்போது, மைக் எண்ணிக்கைக்கு அருகிலேயே இந்த மூன்று விவரங்களையும் வெளியிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஒலிப்பதிவாளர்,
சாலிகிராமம், சென்னை-93